பயிற்சித் திருமணமும் பதிவு எண் ஒன்றும்

1. தும்மல்

இந்தக் கல்லூரியில் தமிழ் ஆசிரியையாக நான் சேர்ந்த முதல் நாள் காலையில், சேப்பல் என்று இங்கே அழைக்கும் சிற்றாலயத்தின் நடுவே ஒரு சவப்பெட்டி இருந்தது. அதற்குள் ஓர் இளைஞர் கைகளை மார்பின்மேல் கட்டியபடி கண்மூடிப் படுத்திருந்தார். சுற்றிலும் பத்துப் பேர் தலைகுனிந்து நின்றனர். வெள்ளை அங்கி அணிந்த இன்னோர் இளைஞர் அடக்க ஆராதனைக்குரிய முறைமையை நடுங்கும் குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். அறிமுகமாகும் முன்பே ஒரு சாவுக்கு வந்துவிட்டோமே என்று எண்ணி, செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வாசலோரம் தலைகுனிந்து நின்றேன்.

பெட்டிக்குள் இருந்தவர் தும்மினார்.

"தானியேலு, செத்தவன் தும்மக் கூடாதுய்யா. ரெண்டு மார்க் போச்சு" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பெட்டிக்குள் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "போனது எனக்குங்களா, அடக்கம் பண்றவனுக்குங்களா ஐயா?"

"ரெண்டு பேருக்கும்."

குரலுக்குரியவர் எங்கள் முதல்வர். மாணவர்கள் அவரைப் பிரின்சிபால் ஐயா என்பார்கள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "வாங்கம்மா. பிராக்டிகல் நடக்குது. பயந்துட்டீங்களா?" என்றார். நான் இல்லை என்றேன். அது உண்மையன்று.

கொல்லிமலையின் மேல், செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் சிறிய இறையியல் கல்லூரி இது. போதகர் பணிக்குச் செல்ல விரும்புவோர் இங்கே மூன்றாண்டு படிக்கிறார்கள். வேத ஆராய்ச்சி, திருச்சபை வரலாறு, பிரசங்கவியல் ஆகியவற்றோடு, ஒரு போதகர் சபையில் செய்ய வேண்டிய சடங்குகளையும் செய்து பழக வேண்டும். துணிப் பொம்மைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். உயிரோடிருப்பவரை அடக்கம் செய்வார்கள். எடை குறைவு என்பதால் தானியேலே எப்போதும் பிணமாகப் படுப்பார் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

நான் சேந்தமங்கலத்துப் பெண். இந்த மதத்தைச் சேர்ந்தவள் அல்ல. தமிழில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்கும்வரை வேலை தேடியபோது இந்த இடம் அமைந்தது. பிரசங்கக் கட்டுரைகளில் பிழை திருத்துவது என் முதன்மைப் பணி. 'திருச்சபைப் பதிவேடுகள்' என்ற தாளைக் கற்பிப்பதில் முதல்வருக்கு உதவுவது இரண்டாவது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எப்படித் தெளிவாக எழுதுவது என்று மாணவர்களுக்கு நான் காட்ட வேண்டும்.

எனக்கு இங்கே முதலில் விளங்காதது, எது பயிற்சி, எது நிஜம் என்பதுதான். ஒரே அங்கி, ஒரே மணி, ஒரே பீடம். சிலர் பயிற்சியின்போதும் கண்ணீர் விட்டார்கள். சிலர் உண்மையான ஆராதனையிலேயே கொட்டாவி விட்டார்கள். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் கேட்டுப் பழகியவள் அல்ல.

2. மணப்பெண் வேண்டும்

அடுத்த பருவத்தில் திருமண ஆராதனைக்கான பிராக்டிகல் வந்தது. தேர்வு எழுதுபவர் எபெனேசர் என்ற மூன்றாமாண்டு மாணவர். அவர் போதகராக நின்று ஆராதனையை நடத்த வேண்டும். பிறகு பதிவேட்டை நிரப்ப வேண்டும். மாப்பிள்ளை யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தானியேல் பெயர் வந்தது.

"இன்னிக்காச்சும் நின்னுக்கிட்டு இருக்கலாம்" என்றார் தானியேல். அவர் குண்டனி நாட்டுக்காரர்; இந்த மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர். அவருடைய அம்மா அங்கே மிளகும் மரவள்ளியான குச்சிக்கிழங்கும் பயிர் செய்கிறார்.

மணப்பெண்ணுக்குத்தான் ஆள் இல்லை. கல்லூரியில் இருந்த இரண்டு மாணவிகளும் பீல்டு வொர்க்குக்காகத் தேவனூர் நாட்டுக்குப் போயிருந்தார்கள். முதல்வர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, நான்..."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. நில்லுங்க. கேட்டா பதில் சொல்லுங்க. அவ்ளோதான்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பயிற்சியில் மணமக்களுக்கு மாணவர்கள் சினிமா நடிகர், நடிகையர் பெயரை வைப்பார்களாம். வகுப்பு முழுதும் சிரித்து ஓயுமே தவிர யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே முதல்வர் ஒரு விதி செய்தார். உண்மைப் பெயர், உண்மை வயது, உண்மையான தகப்பன் பெயர், உண்மையான ஊர். "ஒரு ஆளுகிட்ட விவரம் கேட்டு வாங்கறதுதான்யா போதகரோட பாதி வேலை" என்பார்.

அதனால் எபெனேசர் என் பெயரைக் கேட்டார். பூங்கொடி என்றேன். வயதைக் கேட்டார். இருபத்து நான்கு. தகப்பனார் தொழில்? லாரி ஓட்டுநர். இதற்கு முன் திருமணம் ஆனதுண்டா? இல்லை.

தாலிக்குப் பதிலாக ஒரு சாக்பீஸ் டப்பாவை உயர்த்தி ஜெபித்தார். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "எனக்கு இருக்குதுங்க, பசிக்குது" என்றார். சிரிப்பு அடங்கியதும் எபெனேசர் தானியேலிடம் சம்மதம் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "சம்மதம்" என்றேன். சொல்லை விழுங்காமல் தெளிவாகச் சொல்வது என் வழக்கம்.

பதிவேட்டை நிரப்பும் நேரம் வந்தபோது, பயிற்சி ஏட்டில் பக்கம் தீர்ந்திருந்தது. வேறு எடுத்துவர நான் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பெரியசாமி அண்ணன் அங்கு இல்லை. செம்மேட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் பழுப்புத் தாள் உறை போட்ட நீளமான புதுப் புத்தகம் ஒன்று இருந்தது. திறந்தேன். திருமணப் பதிவுக்குரிய கட்டங்கள் அச்சிட்டிருந்தன. எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. புதுப் பயிற்சி ஏடு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். உறையைக் கழற்றி அட்டையைப் படிக்கவில்லை.

எபெனேசரின் கையெழுத்து கோழிக்கிறுக்கல். முதல் கட்டத்தில் அவர் எழுதினால் பக்கமே பாழாகும் என்று, "மாதிரிக்கு நான் எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் இரண்டாவது பக்கத்தில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, கறுப்பு மையில் எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பினேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தானியேலும் நானும் கையெழுத்திட்டோம். சாட்சிகளாக இரண்டு மாணவர்கள் இட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எபெனேசர் தம் பங்கைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். பிராக்டிகல் முடிந்ததும் நீட்டப்படுகிற எல்லாத் தாள்களிலும் கையெழுத்திடுவது முதல்வரின் பழக்கம். எங்கே கோடு இருக்கிறதோ அங்கே இடுவார். அன்று அவர் ஒப்பமிட்ட கோட்டின்கீழ், 'திருமணத்தை நடத்திவைத்தவர்' என்று அச்சிட்டிருந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தேன். எதையும் எடுத்த இடத்தில் வைப்பவள் நான்.

3. எனக்கு விளங்காத இரண்டு மாதங்கள்

அதன்பிறகு பெரியசாமி அண்ணன் என்னிடம் நடந்துகொண்ட விதம் மாறிற்று. அவர் ஆலத்தூர் நாட்டுக்காரர்; ஐம்பது வயதைத் தாண்டியவர்; வேண்டாத பேச்சுப் பேசாதவர். ஒரு நாள் மேசையருகே வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், மத்தியானச் சோறு ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே எடுத்து வெக்கச் சொல்லட்டுங்களா?"

என்னையும் ஆங்கில ஆசிரியையையும் சொல்கிறார் என்று நினைத்து, "சரிங்க அண்ணா" என்றேன். அன்று முதல் என் தட்டுக்குப் பக்கத்தில் தானியேலின் தட்டு இருந்தது. தானியேலும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இருக்கையை மாற்றியிருக்கிறார்கள் போலும் என்று பேசாமல் சாப்பிட்டோம்.

செம்மேட்டுக்கு ஜீப் போகும்போது, "தம்பி, நீங்க டீச்சருகிட்ட உக்காருங்க" என்று தானியேலை இடம் மாற்றினார். ஒரு முறை ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் மேசைமேல் வைத்தார்.

"ஊட்டுல வெளஞ்சதுங்க. சொல்லாமக் கொள்ளாமப் பண்ணிட்டீங்க. இருந்தாலும் நாங்க செய்யற மொறைய நாங்க செய்யணுமில்லீங்க."

அந்த வாரம் நான் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் வகுப்புக் கால அட்டவணையை மாற்றியிருந்தேன். அதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"மன்னிச்சுக்கங்கண்ணா. அவசரத்துல பண்ணிட்டேன். அடுத்த தடவ உங்ககிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் பண்ணுவேன்."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அடுத்த தடவைங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் இவரை எப்படிப் புண்படுத்தினேன் என்று அன்று மாலை முழுதும் யோசித்தேன்.

4. சான்று

அந்த ஆண்டின் இறுதியில் தானியேலுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. பெண்ணின் பெயர் கிரேஸ். ராசிபுரத்தில் செவிலியராக வேலை செய்பவர். இவர்களது வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். இதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். கிரேஸின் ஆலயத்தில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன், மாப்பிள்ளை தங்கியிருக்கும் இடத்துச் சேப்பலிலிருந்து அவருக்கு முன்பே திருமணம் ஆகவில்லை என்ற சான்று வேண்டும் என்று அங்கிருந்த போதகர் கேட்டிருந்தார்.

கேட்டது பெரியசாமி அண்ணனிடம். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சான்று எழுதினார். பதிவு எண் ஒன்றின்படி மேற்படி தானியேலுக்கும் பூங்கொடி என்பவருக்கும் இச்சேப்பலில் திருமணம் நடந்துள்ளது என்று எழுதி, பக்கத்தைப் போட்டோவும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அது ஒரு வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் என்னை அழைத்தார். தானியேல் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. முதல்வர் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மேசைமேலிருந்த பேனாவை நகர்த்தினார்.

"அம்மா, நான் கேக்கறத தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள... ஏதாவது..."

"என்னங்கய்யா?"

"இவருக்குப் பொண்ணு குடுக்கறவரு காலையிலருந்து போன்ல கத்தறாரும்மா. நீங்க இவரு சம்சாரமாம்."

நான் தானியேலைப் பார்த்தேன். தானியேல் என்னைப் பார்த்தார். அப்போது பெரியசாமி அண்ணன் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்தார். என் கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். உறையைக் கழற்றி அட்டையைத் திருப்பினார். 'திருமணப் பதிவேடு' என்று அச்சிட்டு, கீழே சேப்பலின் பெயரும் முத்திரையும் இருந்தன.

"பெரியசாமி, இது பிராக்டிகல்னு உமக்குத் தெரியாதாய்யா?" என்றார் முதல்வர்.

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் அன்னிக்கு செம்மேட்டுல இருந்தேன். திரும்பி வந்து பாத்தா பொஸ்தகத்துல ஏறியிருக்குது. உங்க கையெழுத்தும் இருக்குது. டீச்சரு அதிகம் பேசாதவங்க, சத்தமில்லாம முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப இவனுக்கு ராசிபுரத்துல ஓலை வாசிக்கறாங்கன்னு தெரிஞ்சப்போ எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"உங்ககிட்ட எப்படிங்கய்யா கேக்கறது? நடத்திவெச்சவரே நீங்கதானே!" பெரியசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிற்று. "டீச்சர கைவிட்டுட்டு இன்னொரு பொண்ணுக்குப் போறாரேன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க. உங்களுக்கு நாயம் கெடைக்கட்டும்னுதானுங்க அனுப்புனேன்."

எனக்காக ஒருவர் இவ்வளவு வருந்தியது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியவில்லை.

முதல்வர் தம் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திருமணம் நடத்தும் உரிமம் அவர் பெயரில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பதிவேட்டின் நகல், சபைகளின் தலைமையிடமான பேராய அலுவலகத்துக்குப் போக வேண்டும்; அடுத்தது இந்த மாத இறுதியில். "ஒரே பக்கந்தான்" என்றார் மெதுவாக. "கிழிச்சிரலாமா?"

"பக்கத்துக்குப் பக்கம் நம்பரு அச்சடிச்சிருக்குதுங்கய்யா" என்றார் பெரியசாமி அண்ணன்.

"தண்ணி பட்டுச் சேதமாயிருச்சுன்னு எழுதலாம்."

பதிவேட்டில் அடிக்கவோ, அழிக்கவோ, கிழிக்கவோ கூடாது என்பது 'திருச்சபைப் பதிவேடுகள்' தாளின் முதல் பாடம். பல ஆண்டுகளாக அதை நடத்தி வருபவர் அவர்தான். ஆனால் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் கிழித்துவிட வேண்டும் என்றே நானும் விரும்பினேன். என் அப்பாவின் பெயரும் தொழிலும் அந்தப் பக்கத்தில் இருந்தன.

அப்போது தானியேலின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

"கிரேஸுங்க. நாளைக்குக் காத்தால பஸ்ஸுல வாராங்களாம். பொஸ்தகத்த நேர்ல பாக்கணுமாம். அது வரைக்கும் யாரும் அதுல கை வெக்கக் கூடாதுன்னாங்க."

5. கிரேஸ்

சனிக்கிழமை அவர் வந்து இறங்கியபோது, கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. வளைவுகளில் வாந்தி வராமலிருக்க வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வந்திருக்கிறார். முகம் கழுவக்கூட நில்லாமல், "எங்க இருக்குதுங்க அது?" என்று கேட்டார். தானியேல் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க அப்பறம்" என்றார்.

முதல்வரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பூங்கொடிங்கறது நீங்களா?"

"ஆமாங்க."

"வயசு இருவத்தி நாலு. நெசமா?"

"நிஜந்தாங்க."

"அப்பா லாரி ஓட்டறாரா?"

"ஆமாங்க."

"இவரு சம்மதம்னு சொன்னாரா?" என்று தானியேலைக் காட்டினார்.

"சொன்னாருங்க."

"நீங்க?"

"நானும் சொன்னேன்."

"அப்ப இதுல பொய் எங்க இருக்குதுன்னு எனக்குக் காட்டுங்க. எங்கப்பாகிட்ட நான் அதக் காட்டணும். அவரு மூணாவது ஓலைய நிறுத்திவெச்சிட்டாரு. நாளைக்கு வாசிக்கலீன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

நானும் பக்கத்தைப் பார்த்தேன். எந்தக் கட்டத்திலும் பொய் இல்லை. எல்லாமே சரியாக இருந்தது. மொத்தமும் நடக்காத ஒன்றாக இருந்தது. பயிற்சிக்காகச் சொன்ன சொல் வேறு, மனமறிந்து சொன்ன சொல் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். வாக்கியம் நீண்டுகொண்டே போயிற்று. அவர் கையை உயர்த்தினார்.

"ஏனுங்க, நாங்களும் பயிற்சி எடுத்தவங்கதான். மொதல்ல பொம்மைக்குத்தான் ஊசி போட்டோம். பொம்மைக்கும் பேரு, வயசு, காய்ச்சல் எல்லாம் சார்ட்டுல எழுதுவோம். ஆனா மேல செவப்புல 'டெமோ'ன்னு எழுதியிருக்கும். நீங்க எழுதுனீங்களா?"

"எழுதலீங்க. அட்டையையும் படிக்கல. அது என் தப்பு."

இரண்டு நாளில் குழப்பமில்லாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் முகம் சற்று இளகிற்று.

முதல்வர் இடையில் புகுந்தார். "கண்ணு, நீ கவலப்படாத. உன் கண்ணு முன்னாடியே இந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு, புதுசாச் சான்று தந்துடறோம்."

"வேண்டாங்கய்யா. போட்டோ எங்கப்பா போன்ல இருக்குது. இங்க வந்து பாத்தா பக்கம் இல்லீன்னா, மறைச்சிட்டாங்கன்னுதான் சொல்லுவாரு. பத்து வருசங்கழிச்சு எனக்கே சந்தேகம் வரும்."

முதல்வர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு பேராய அலுவலகத்துக்குப் போன் செய்தார். நடந்ததை முழுதாகச் சொன்னார். தாம் படிக்காமல் கையெழுத்திட்டதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் நெடுநேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"பழைய எழுத்துல கை வெக்கக் கூடாதாம். ஓரத்துல திருத்தக் குறிப்பு எழுதி, தேதி போட்டு நான் கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு சாட்சி வேணுமாம். அப்பறம்..." சற்று நிறுத்தினார். "மணமக்கள் ரெண்டு பேரும் கூட இருந்து கையெழுத்துப் போடணுமாம்."

"கல்யாணம் ஆகலீன்னு சொல்றதுக்கும் மாப்பிள்ளையாத்தான் கையெழுத்துப் போடணுமாங்க?" என்றார் தானியேல்.

"விதி அப்படித்தான்யா இருக்குது."

கிரேஸ் முதல் முறையாகச் சிரித்தார். "போடுங்க, போடுங்க. பழகிக்கங்க."

குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓரத்தில் இருந்த இடம் இரண்டு விரற்கடை அகலம். முதல் வரைவு ஒரு பத்திக்கு நீண்டது. "இத எழுத ரெண்டு பொஸ்தகம் வேணும்" என்றார் பெரியசாமி அண்ணன். இரண்டாவது வரைவில், 'இப்பதிவு தவறுதலாக நேர்ந்தது' என்று எழுதினேன். கிரேஸ் தாளை வாங்கிப் படித்தார்.

"தவறுதலான்னா எதுங்க? கல்யாணம் தவறா, எழுதுனது தவறா? 'நேர்ந்தது'ன்னா, யாரு செஞ்சது? தானா நேர்ந்துச்சா?"

பிறருடைய கட்டுரைகளில் நான் சிவப்பு மையால் எழுதும் கேள்விகள் அவை. என் வாக்கியத்தைப் பார்த்து ஒருவர் அவற்றைக் கேட்டது அதுவே முதல் முறை. மூன்றாவது வரைவு இப்படி அமைந்தது: 'இது வகுப்புப் பயிற்சி. இவ்விருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பயிற்சி ஏடு என்று எண்ணி இதில் எழுதியவர் பூங்கொடி.'

"உங்க பேரு வேண்டாம்மா. இது என்னென்னைக்கும் இருக்கற பொஸ்தகம்" என்றார் முதல்வர்.

எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆயினும் பெயரை எடுத்துவிட்டால், கிரேஸின் அப்பா கேட்கப்போகும் கேள்விக்கு அந்தக் குறிப்பு விடை சொல்லாது. "இருக்கட்டுங்கய்யா" என்று சொல்லிப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதினேன். இடம் குறுகலாக இருந்ததால் எழுத்து முன்போல அழகாக அமையவில்லை. முதல்வர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் வரிக்குக் கீழே தாமாகவே ஒரு வரி சேர்த்தார்: 'வாசியாமல் ஒப்பமிட்டவன் நான்.' அதன் பிறகே கையெழுத்திட்டுத் தேதி போட்டார். தானியேல் மணமகனாகக் கையெழுத்திட்டார். நான் மணமகளாக இரண்டாம் முறை இட்டேன்.

பெரியசாமி அண்ணன் முதல் சாட்சி. இரண்டாவது சாட்சிக்கு எபெனேசரை அழைக்க முதல்வர் எழுந்தார்.

"நான் போடறேங்க" என்றார் கிரேஸ்.

"நீ சம்பந்தப்பட்டவ கண்ணு."

"சம்பந்தப்பட்டவதாங்க. எனக்கில்லாத அக்கறை வேற யாருக்கு? பேனாவக் குடுங்க."

அவரே பக்கத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். அறைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. எல்லாரும் வெளியே வந்தோம்; அவர் மைதானத்தின் மேட்டில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடம் எந்தப் பதிலும் இல்லை. தானியேல் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழைப்பு வந்தது. கிரேஸ் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பா உங்ககிட்டப் பேசணுமாம்."

வணக்கம் சொன்னேன்.

"நீதான் எழுதுனியாம்மா?"

"ஆமாங்க."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும் நாந்தாங்க எழுதுனேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"மொதல்ல எழுதுனதுல கையெழுத்து நல்லாருக்குது. ரெண்டாவது எழுதுனதத்தான் நான் நம்பறேன். போனை அந்தப் பயகிட்டக் குடு. நாளைக்கு ஓலை வாசிக்கறப்போ அவன் இங்க இருக்கோணும்."

தானியேல் போனை இரண்டு கைகளாலும் வாங்கினார். "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்பதைத் தவிர வேறு எதுவும் அவரால் சொல்ல முடியவில்லை. மாலைப் பேருந்திலேயே கிரேஸோடு இறங்கிப் போனார். மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டதென்று மதியம் செய்தி வந்தது. பெரியசாமி அண்ணன் அன்று சாப்பாட்டறையில் எங்கள் தட்டுகளைப் பழையபடி பிரித்து வைத்தார்.

6. இந்தத் தாளைக் கற்பிக்க வருபவர்களுக்கு

நான் செய்த மாற்றங்கள் சில. பயிற்சி ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு மையில் 'பயிற்சி' என்று எழுதுகிறேன். பயிற்சியில் பென்சிலை மட்டுமே அனுமதிக்கிறேன். உண்மைப் பெயர் என்ற விதி அப்படியே இருக்கிறது. அதில் பிழை இல்லை. உறை போட்ட எந்தப் புத்தகத்தையும் உறையைக் கழற்றி அட்டையைப் படித்த பிறகே திறக்கிறேன். முதல்வர் இப்போது கையெழுத்திடும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படிக்கிறார். அதனால் எல்லா வேலையும் தாமதமாகிறது. யாரும் குறை சொல்வதில்லை.

நான் கற்றது இன்னொன்றும் உண்டு. நிரப்பிய கட்டங்கள் எல்லாம் சரியாக இருப்பதாலேயே ஓர் ஆவணம் உண்மையாகிவிடாது. பிழையின்றி எழுதுவதே என் வேலை என்று நினைத்திருந்தேன். எதில் எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்று அறிவதும் அந்த வேலையில் அடக்கம். தவறு செய்தால் அதைக் குறுகிய வாக்கியத்தில், யார் செய்தது என்று சொல்லி எழுதுங்கள். 'நேர்ந்தது' என்று எழுதாதீர்கள்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேராயத்துக்கு நகல் போன பிறகு பெரியசாமி அண்ணன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, முத்திரை வைத்து என்னிடம் தந்தார்.

"பத்தரமா வெச்சுக்கங்க டீச்சர். நாளைக்கு உங்களுக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ யாராச்சும் எதுவும் கேட்டா, ஓரத்தக் காட்டுங்க."

என் பட்டச் சான்றிதழ்களோடு அதையும் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அம்மா போனில், ஒரு வரன் வந்திருப்பதாகவும் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வரும்படியும் சொன்னார். எல்லாவற்றையும் கோப்பில் வரிசையாக அடுக்கினேன். அந்தத் தாளைப் பட்டத்துக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இங்கே விட்டுவிட்டுப் போகப்போவதில்லை.